பதினான்கு மெஜந்தா பாட்டில்கள்

பதினான்கு காலி மெஜந்தா மை பாட்டில்களை முதலாளி என் மேஜையில் வரிசையாக வைத்தார். என் எஸ்டிமேட்டில் ஒரே ஒரு பாட்டில் என்று இருந்தது.

"மீதி பதிமூணையும் வெளிய ஊத்தி வித்துகினு கீறான்" என்றவர், மெஷின் ரூமைப் பார்த்துக் கத்தினார். "ஜோசப்! உன் பைய எடுத்துகினு வா!"

ராயப்பேட்டையில் எங்கள் பிரஸ். எஸ்டிமேட் போடுவது என் வேலை. ஜோசப் மெஷின் ஆபரேட்டர். அபிராமபுரத்து அம்மா ஒருவர் தன் மகளின் நடன அரங்கேற்றத்துக்கு விழா மலர் அச்சடிக்கக் கேட்டிருந்தார். நாற்பது பக்கம், இருநூறு பிரதி.

"ஃபைலத் தொறந்து பாத்துகினு இருந்தா கஸ்டமர் அடுத்த கடைக்குப் பூடுவாங்க. பக்கத்த எண்ணு, ரேட்ட சொல்லு." இதுதான் முதலாளியின் சட்டம். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் எண்ணினேன். எட்டாயிரம் பக்கம். பாட்டில் பெட்டியிலும் எட்டாயிரம் பக்கம் வரும் என்று போட்டிருந்தது. ஒன்று என்று எழுதிவிட்டேன்.

பாதி வேலையில் ஜோசப் வந்து, "அக்கா, மெஷினு இங்க்க குடிக்குதுக்கா" என்றார். "ஹெட் கிளீனிங் ஜாஸ்தி போட்டிருப்ப, போ" என்று விரட்டினேன். மை வரும் துளைகளைச் சுத்தம் செய்யும்போதும் கொஞ்சம் மை போகும். புத்தி கெட்டவள்.

முதலாளி கத்திய பிறகுதான் அந்த ஃபைலை முதல் தடவையாகத் திறந்தேன். எல்லாப் பக்கத்திலும் விளிம்பு வரை கரும் மெரூன் பின்னணி. பெட்டியில் போடும் கணக்கு, பக்கத்தில் நூறில் ஐந்து பங்கு இடத்தில் மட்டும் அந்தக் கலர் விழும் என்பதை வைத்து. லெட்டர்ஹெட்டுக்குச் சரி. இங்கே அந்த மெரூனுக்காக எழுபது பங்கு மெஜந்தா விழுந்திருக்கிறது. பதினான்கு மடங்கு.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஜோசப் வந்து நீட்டிய பையை முதலாளி எல்லோர் முன்னாலும் கொட்டினார். டிபன் பாக்ஸ், துண்டு, குடை.

"பாத்துட்ட இல்ல சார்? எங்க கீது இங்க்கு?" என்றார் ஜோசப்.

"உஷாரானவன் பையிலயா வெப்பான்?"

அதற்குப் பிறகுதான் நான் எழுந்தேன். "சார், தப்பு என்னுது. ஃபைலப் பாக்காம போட்டுட்டேன். இந்த வேலைக்குப் பதினாலு பாட்டில் சரிதான்."

முதலாளி ஸ்கிரீனைப் பார்த்தார். "அந்தம்மாகிட்ட எக்ஸ்ட்ரா கேக்க முடியுமா பாரு" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். ஜோசப்பிடம் ஒரு 'சாரி' கூடக் கிடையாது. மனுஷனா அவர்!

ஜோசப் டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்: "நான் பைய தர்றதுக்கு முன்னாடியே ஸ்கிரீன பாத்துட்ட இல்ல நீ?"

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. என் போனையும் எடுக்கவில்லை.

புதிதாக எஸ்டிமேட் போட வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எவன் அவசரப்படுத்தினாலும் ஃபைலைத் திறக்காமல் ரேட் சொல்லாதீர்கள். பக்கம் பக்கமாக எந்தக் கலர் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். ஹெட் கிளீனிங்குக்குப் போகும் மையையும் சேருங்கள். அப்படியும் தப்பு நடந்தால் அந்த நிமிஷமே வாயைத் திறந்து சொல்லுங்கள். முதலாளியை நான் இன்றும் திட்டுகிறேன். ஆனால் ஜோசப் பையை நீட்டியபோது, அவர் திருடவில்லை என்று அந்த ரூமில் தெரிந்திருந்த இன்னொரு ஆள் நான்தான்.