அவர் அண்ணன் நீட்டிய காகிதம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் எனக்குப் பயம். அதிலும் என் கணவரின் அண்ணன் நீட்டும் காகிதம் என்றால் கேட்கவே வேண்டாம். வாய்க்காலோரக் குத்தகை நிலம் யார் பேரில் இருப்பது என்று இரண்டு குடும்பமும் கோர்ட்டுக்கு அலைந்த சமயம் அது.

நடவு முடிந்த வாரம் கணவருக்குக் காய்ச்சல் கண்டு, இரண்டு நுரையீரலும் கெட்டுவிட்டன. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தார். டாக்டரிடம் பேசிவிட்டு வந்த அவர் அண்ணன், காகிதத்தை நீட்டினார்.

“தொண்டையில குழாய் விட்டு மெஷின்ல மூச்சு குடுக்கணுமாம். பொண்டாட்டி கையெழுத்துதான் வேணுமாம். போடும்மா.”

“நிலத்தை எழுதி வாங்கப் பாக்குறீங்களா மாமா?”

“அடிப்பாவி, அவன் என் தம்பி! என்னை நம்பாட்டி நர்ஸைக் கேளு.”

நர்ஸும் அதையே சொன்னாள். அவளையும் கைக்குள் போட்டுக்கொண்டார் என்று பயந்தேன். என் கூடப்பிறந்தவன் ஊரிலிருந்து வந்து படித்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். காலையில் நீட்டிய காகிதம். அப்போது சாயங்காலம் ஆகியிருந்தது.

மெஷினில் அவர் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. மூன்றாம் நாள் அதுவும் நின்றது.

துக்கம் கேட்க வந்தவர்கள், “மெஷினை முன்னாடியே வச்சிருக்கலாமே?” என்றார்கள். அவர் அண்ணன்தான் பதில் சொன்னார்.

“கேட்ட உடனே கையெழுத்துப் போட்டவ, பாவம். அவளை ஒண்ணும் கேக்காதீங்க.”

என் கூடப்பிறந்தவன் அப்போது அங்கே இல்லை. அது பொய் என்று அந்த வாசலில் எங்கள் இருவருக்கும்தான் தெரியும். காலையிலேயே போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.