கோப்பு கெட்ட நேரங்கள்

அந்த அரைத்தாளில் ஐந்து தேதிகளும், எதிரே ஐந்து நேரங்களும் நீல மையில் எழுதப்பட்டிருந்தன. எல்லாமே காலை பதினொன்றுக்கும் பதினொன்றரைக்கும் நடுவே. 1991-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் நான் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்த பெண் அதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

பிள்ளைப்பாக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள். ஆயுத பூஜையன்று அம்மாவை அழைத்துவந்து, குங்குமம் வைத்த திரையைக் காட்டி, "இதுலதான்மா நான் எழுதறேன்" என்று சொன்னது நினைவிருக்கிறது.

மூன்று கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்து, சரக்கிருப்புக்கென்று ஒரே கோப்பை எல்லோரும் பயன்படுத்தினோம். அது அடிக்கடி கெட்டது. பேரிங்கின் வரியில் போல்ட்டின் இருப்பு ஏறியிருக்கும். பெயர்கள் புரியாத குறிகளாகியிருக்கும். முந்தைய நாள் பிளாப்பியிலிருந்து நான் கோப்பை மீட்டுத் தருவேன். அன்று காலை அடித்த அத்தனையையும் அவர் மறுபடி அடிப்பார்.

"நீங்க ரிப்போர்ட் எடுக்கிறப்பதான் சார் இப்டி ஆவுது. ஒருநாள் பக்கத்துல நின்னு பாருங்களேன்" என்றார், கோப்பு கெட்ட நேரங்களைக் குறித்திருந்த அந்த அரைத்தாளைக் காட்டி.

ரிப்போர்ட் புரோகிராம் நான் எழுதியது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். உள்ளே சுருக்கென்றிருந்தது. அன்று மாலையே கோப்பு ஏன் கெடுகிறது என்று மேனேஜர் கேட்டபோது, அந்த அம்மா கோப்பை மூடாமலே மெஷினை அணைக்கிறார் என்றேன். அவர் அப்படிச் செய்து நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அங்கே கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என்னை யாரும் மறுத்துக் கேட்கவில்லை. திங்கட்கிழமை அவரை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை, வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட்.

மூன்று வாரம் கழித்து, புது கிளார்க் அடித்துக்கொண்டிருக்கும்போது கோப்பு மறுபடி கெட்டது. மணி பதினொன்று பத்து. நான் வழக்கம்போல் ரிப்போர்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் ஒரு நொடி போய் வந்திருக்கும் என்று அவரிடம் சொல்லிச் சமாளித்துவிட்டு, டிராயரிலிருந்து அந்த அரைத்தாளை எடுத்தேன். புது கிளார்க் அடிக்கும்போதெல்லாம் வேண்டுமென்றே ரிப்போர்ட்டை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவை கெட்டது. என் புரோகிராமும் அதே கோப்பில் இருப்பை எழுதியது. அந்த நேரம் வேறு யாரும் எழுத முடியாதபடி பூட்டும் வரியை நான் சேர்க்கவே இல்லை. கால் மணி நேரத்தில் சேர்த்தேன். அதற்குப் பிறகு கெடவில்லை. மேனேஜர் தோளில் தட்டிக் காரணம் கேட்டார். கேபிளை மாற்றினேன் என்றேன்.

அந்த அம்மாவுக்குத் திரும்ப ஸ்டோர்ஸ் கிடைக்கவில்லை. இன்றும் யாராவது ஒரு கோளாறைச் சொன்னால், போய்ப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். அவருக்கு அதனால் என்ன பயன்?

அடுத்து வந்த பொங்கலுக்கு முன்பு ஒருநாள் அவர் கேன்டீன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தார்.

"ஃபைல் இப்ப நல்லா கீதா சார்?"

நன்றாக இருக்கிறது என்றேன்.

தட்டை முந்தானையால் துடைத்தார். "அப்ப நான்தான் இன்னாவோ தப்பா பண்ணிகினு இருந்திருக்கேன்" என்றார்.

வரிசை நகர்ந்தது. நான் சோற்றை வாங்கிக்கொண்டு ஸ்டாஃப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.