மடியில் துப்பாக்கி

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்து. பக்கத்து இருக்கைப் பெரியவரின் மஞ்சள் பையிலிருந்து ஒரு கைத்துப்பாக்கி எட்டிப் பார்க்கிறது. முருகனையும் ஏசுவையும் ஒரே மூச்சில் கூப்பிடுகிறேன்.

"பயந்துக்காத நைனா, லைசென்சு கீது. எலெக்சன் வந்தா இத்த ஸ்டேசன்ல ஒப்படைக்கணும். இன்னிக்கிதான் கடைசி நாளு. வுட்டா லைசென்சே பூடும்."

"உள்ளே குண்டு?"

"அது வேற பையில கீதுபா."

எந்தப் பை என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

வழியில் தேர்தல் சோதனை. போலீஸ்காரர் ஏறியதும், யாரும் சொல்லாமலே என் இரண்டு கைகளும் மேலே போய்விடுகின்றன. பெரியவர் நிதானமாக லைசென்சை நீட்டுகிறார். அதைப் படித்துத் திருப்பிக் கொடுத்த போலீஸ்காரர் என்னை முறைக்கிறார்.

"துப்பாக்கி வெச்சிகினு கீறவரு சும்மா குந்திகினு கீறாரு. நீ இன்னாத்துக்குக் கையத் தூக்கினு கீற? பையோட கீழ எறங்கு."

சாலையோரம் என் சட்டை, துண்டு எல்லாம் உதறிப் பார்க்கப்படுகின்றன. ஜன்னல் வழியே பெரியவர் குரல் கொடுக்கிறார்.

"சீக்கிரம் வுடுங்க சார், ஸ்டேசனுக்கு லேட்டாவுது. அவுரு ஆபத்தில்லாத ஆளு, நான் கேரண்டி."