வாட்டம் பார்க்க வந்தவர்

ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் எங்கள் வீட்டுக் கீழறை பள்ளமாகிவிட்டது. மாடி ஏற முடியாத என் கணவருக்காக அங்கேயே பாத்ரூம் கட்டினோம். முதல் மழையிலேயே சாக்கடைத் தண்ணீர் அவர் கட்டிலடிக்கு வந்துவிட்டது.

சரிசெய்ய வந்த பிளம்பர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குழாயில் காதை வைத்துக் கேட்டார்.

"வாட்டம் வீட்டுப் பக்கம் இருக்கும்மா. வயலுக்குப் பாய்ச்சுற மாதிரி வச்சிருக்காங்க."

தரையை உயர்த்தி, குழாயைத் தெருப் பக்கம் சரியும்படி வாட்டமாகப் பதித்தார்.

"இனிமே பயமில்லீங்களே?"

"வாட்டம் சரியாயிடுச்சு. தெருச் சாக்கடை நிரம்பினா தண்ணி திரும்பத்தான் பார்க்கும். அப்ப மாதாதான் பார்த்துக்கணும்" என்று எங்கள் மாதா படத்தை அவரும் கும்பிட்டார்.

ஆறுதலுக்காவது அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வானம் இருட்டினால், கையில் ஜெபமாலையோடு நானும் ஒரு சொம்பு ஊற்றி, காதை வைத்துக் கேட்கிறேன்.