சைலன்சரில் வராத சத்தம்

கண்ணமங்கலத்தில் இருபத்தெட்டு வருஷம் பைக் ஒர்க்‌ஷாப் நடத்தியவன் நான். வண்டிச் சத்தம் கேட்டு முதுகு சில்லிட்டது ஒரே ஒரு நாள்தான்.

வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் இம்தியாஸ் பாய், தன் 350 சிசி வண்டிக்கு வேறு சைலன்சர் கேட்டு வந்தார்.

"இழுவை வேணுமா பாய், சத்தம் வேணுமா?"

"ரெண்டும் வோணும்ணா."

கடை வாசலில் முறுக்கிப் பார்த்து சைலன்சர் எடுக்கக் கூடாது. பின்னால் ஆள் உட்கார்ந்து மேடு ஏறினால்தான் குணம் தெரியும். உள்ளே தடுப்பே இல்லாத குட்டை ஃப்ரீ ஃப்ளோவை மாட்டினேன். உள்ளே பேஃபிள் என்ற தடுப்புத் தகடு வைத்த நீள சைலன்சரைப் பையில் போட்டுக்கொண்டேன். இருவரும் ஜவ்வாது மலை ஏறினோம். மதியம்தான், ஆனால் பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை.

குட்டை சைலன்சரோடு வண்டி நேர்ரோட்டில் பறந்தது. வளைவுகளில் செகண்ட் கியரில் திணறியது. ஒரு வளைவில் பாய் ஆக்சிலேட்டரை விட்டதும் இடிச்சத்தத்துக்கு அடியில் நீளமாக ஓர் ஊளை கேட்டது.

"இன்னாணா அது? செமயா இருக்கு!"

"உள்ள காலி டப்பா பாய். ஆர்பிஎம் எறங்கும்போது அதிரும்" என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல.

அடுத்த வளைவுகளில் அது வரவில்லை. பாய் வண்டியைத் திருப்பினார். அதே இடத்தில் மறுபடியும் ஊளை. "இதையே வச்சிடுங்கணா" என்று சிரித்தார்.

"இன்னொண்ணையும் பாத்துட்டு சொல்லுங்க" என்று நாலைந்து வளைவு கீழே இறங்கி நிறுத்தி, சூடு ஆறியதும் பேஃபிள் சைலன்சரை மாட்டினேன். வண்டி மெத்தென்று ஏறியது. இழுவையும் நன்றாக இருந்தது. அந்த வளைவு வந்தது.

ஊளை கேட்டது. முன்னைவிடத் தெளிவாக.

பாய் பிரேக் அடித்தார். "இன்னாணா, இதுலயும் வருது?"

எட்டிச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது. ஊளை நிற்கவில்லை.

பாய் துவா ஓத ஆரம்பித்தார். பனிக்குள்ளிருந்து அது எழுந்தது, தேய்ந்தது, மறுபடி எழுந்தது. பிறகு இருமியது.

இருமல் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. "யாருங்க அது?" என்று கத்தினேன்.

இருபதடி பள்ளத்தில், உண்ணிப்புதருக்குள் ஒரு மொபெட் கிடந்தது. சுற்றிலும் புளி சிதறியிருந்தது. மொபெட்டுக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டு ஒரு மலை விவசாயி. பெயர் சின்னையன். காலையில் விழுந்தவர், கத்திக் கத்தித் தொண்டை கட்டி ஊளைதான் மிஞ்சியிருந்தது. நான் மொபெட்டைத் தூக்கி நகர்த்திவிட்டு அவரோடு இருந்தேன்; பாய் மேலே ஊருக்குப் போய்க் கயிறும் ஆளும் கொண்டுவந்தார்.

காத்திருக்கும்போது சின்னையன் என் கையைப் பிடித்து, காற்றாக வந்த குரலில் கேட்டார். "ரெண்டு தபா போனீங்களே... நான் கத்துனது கேக்கலீங்களா?"

கேட்டது, கேட்டு ரசித்தோம் என்று எப்படிச் சொல்வது?

காலில் பிளேட் வைத்துப் பிழைத்துக்கொண்டார். இம்தியாஸ் பாய் பேஃபிள் சைலன்சரோடு போனார்.

புதிதாக சைலன்சர் மாட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது: வண்டியை ஓடவிட்டு, இருபதடி தள்ளி ஒருவரை நிறுத்தி உங்கள் பெயரைக் கூப்பிடச் சொல்லுங்கள். காதில் விழவில்லையென்றால், எவ்வளவு இழுவை கொடுத்தாலும் அந்த சைலன்சரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.