ஸ்டெல்லா டீச்சரின் காரில் சத்தம் இருந்தது

ஸ்டெல்லா டீச்சரின் காரில் சத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னவன் நான். ஏன் சொன்னேன் தெரியுமா? எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. அதை இந்தச் செஞ்சியில் ஒருவருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறேன்... இன்றுவரை!

நீங்கள் சிரிக்கலாம். ஊரில் எத்தனையோ பேருக்குக் காது மந்தம், அதிலென்ன என்று கேட்கலாம். ஆனால் நான் கார் மெக்கானிக். திருவண்ணாமலை சாலையில் பட்டறை வைத்திருக்கிறேன். "அவரு வண்டியப் பிரிக்கவே வேணாம், காதாலயே பாத்துடுவாரு" என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியது. காது போன பிறகும் அந்தக் கனம் போகவில்லை.

குக்கர் விசில் அடித்தும் அடுப்பை அணைக்கவில்லை என்று மனைவி திட்டியபோது, கவனிக்கவில்லை என்று சமாளித்தேன். டாக்டரிடம் போனால் கருவி மாட்டச் சொல்வார். கருவி மாட்டியவனிடம் யார் வண்டியை விடுவார்கள்? ஆகவே ஒரு தந்திரம் பழகினேன். வருகிறவர்களிடம், "சத்தம் எப்பிடி வருது, வாயால செஞ்சு காட்டுங்க" என்பேன். சிலர் கடகட என்பார்கள், சிலர் கிறீச் என்பார்கள், பெரிய மனிதர்கள்கூடக் கன்னத்தை உப்பிக்கொண்டு உறுமிக் காட்டுவார்கள். பாதிக் கோளாறு அதிலேயே பிடிபட்டுவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம். நான் மறைத்தேன்!

டீச்சர் வல்லத்துப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறவர். நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, தாமே ஓட்டிப் பள்ளிக்குப் போய்வந்தார். அவர் கணவர் விக்டருக்கு அது பிடிக்கவில்லை. அன்று இருவரும் சேர்ந்து பட்டறைக்கு வந்தார்கள்.

"நேரா போனா ஒண்ணும் இல்லண்ணா. லெஃப்ட்ல ஒடிச்சுத் திருப்புனா முன்னால டக்கு டக்குன்னு கேக்குது. ஸ்பீடு ஏறுனா அதுவும் வேகமா வருது" என்றார் டீச்சர்.

இதைவிடத் தெளிவாக எந்த மெக்கானிக்கும் சொல்லிவிட முடியாது. இடப்பக்கம் திருப்பும்போது பாரம் வலச் சக்கரத்தில்தான் விழும்; அந்தச் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது என்று அப்போதே என் மனம் சொன்னது.

விக்டர் சிரித்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கல. இவளுக்குத்தான் இல்லாததெல்லாம் கேக்கும். நீங்களே கேட்டுச் சொல்லுங்கண்ணா. சத்தம் இல்லன்னா இன்னையோட வண்டி சாவிய நான் வாங்கிக்கிறேன். பயந்துகினு ஓட்டுறவ ரோட்ல இன்னா பண்ணுவா?"

கோட்டைக்குப் போகும் வழியில் உள்ள திடலுக்குப் போனோம். டீச்சர் ஓட்டினார். நான் பக்கத்தில், விக்டர் பின்னால். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வட்டம் சுற்றினார். "இதோ... இதோ கேக்குது பாருங்கண்ணா!" நான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். காற்றுதான் முகத்தில் அடித்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை...

பட்டறைக்குத் திரும்பி ஜாக்கி போட்டு, ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்திருக்கலாம். பெரிய வேலையா அது? இல்லவே இல்லை! ஆனால் பின்னாலிருந்து விக்டர், "இன்னாண்ணா, உங்க காதுக்குக் கூடவா கேக்கல?" என்றார். பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றால் என் பெயர் என்னாவது?

"சத்தம் எதுவும் இல்லைங்க" என்றேன்.

எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் அது உண்மை. சத்தம் இல்லை என்றேனே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

டீச்சர் வண்டியை நிறுத்தி இறங்கி, சாவியைக் கணவர் கையில் கொடுத்தார்.

சில மாதங்களில் விக்டர் அந்தக் காரை அனந்தபுரத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அவர் அதே காரை என்னிடம் கொண்டுவந்தார். "திருப்புனா டக்கு டக்குங்குதுண்ணா." இந்த முறை சக்கரத்தைக் கழற்றினேன். உறை வெடித்துக் கிடந்தது. உள்ளேயிருந்த கிரீஸ் சக்கரத்தின் உட்புறமெல்லாம் தெறித்து, புழுதியோடு சேர்ந்து அடை அடையாகக் காய்ந்திருந்தது. பழைய கிழிசல். டீச்சர் என்னருகில் உட்கார்ந்து வட்டமடித்த நாளிலேயே இருந்த கிழிசல்!

ஜாயிண்டை மாற்றினேன். அதே திடலில் ஓட்டிப் பார்த்தோம். "சுத்தமா போயிடுச்சுண்ணா, உங்க கைராசியே ராசி" என்றார் அனந்தபுரத்துக்காரர். கேட்டவன்போலத் தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது.

இதுவரைக்கும் அகங்காரம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அடுத்ததற்கு என்ன பெயர் வைப்பது? நீங்களே சொல்லுங்கள்...

டீச்சர் இப்போது பேருந்தில்தான் போகிறார். ஒரு நாள் காலை அவர் நிறுத்தத்தில் நிற்பதைப் பார்த்து என் பைக்கை ஓரங்கட்டினேன். சொல்லிவிடத்தான் நிறுத்தினேன், நம்புங்கள். அதற்குள் அவரே கேட்டார்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு நெஜமாவே சத்தம் இல்லயா?"

'இருந்தது' என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லைத் தொடர்ந்து, பிறகு ஏன் இல்லையென்றீர்கள் என்று கேட்பாரே! காது கேட்காதவன் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டுமே!

"இல்ல டீச்சர்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதான்ணா நானும் நெனச்சேன்" என்றார். "இப்பல்லாம் கிளாஸ்ல பசங்க கூப்டாக்கூட, நெஜமா கூப்டாங்களா, எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சான்னு டவுட்டா இருக்குது."

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டார்.

நன்றாகக் கேட்கிற அவருடைய காதை, கேட்காத நான் கெடுத்துவிட்டேன். உங்களிடம் சொல்லியதால் என் பாரம் குறைந்துவிடவில்லை. சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்லவே... நாளைக் காலையும் டீச்சர் அந்த நிறுத்தத்தில் நிற்பார். பட்டறைக்கு எனக்கும் அதுதான் வழி. வணக்கம் வைத்துவிட்டுக் கடந்து போவேன்.