வெள்ளிக்கிழமை கல்யாணம், விண்ணப்பம் நிலுவையில்

குடிவரவு விண்ணப்பம் தட்டச்சுச் செய்கிறவளுக்கு வருகிற ஆளின் பிறந்த ஊர் தெரியும், தகப்பனின் தொழில் தெரியும், பழைய நோய் வருத்தங்கள்கூடத் தெரியும். தன்னுடைய விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது என்பது மட்டும் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவில் ஒரு லோயரின் கந்தோரில் எனக்கு அந்த வேலை. அப்போதெல்லாம் சும்மா பார்க்க வந்தவர்களும் இங்கே நின்றபடியே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். படிப்பு, ஆங்கிலம், தொழில் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார்கள். நானும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். தபாற்பெட்டியைத் திறந்து மூடியே ஒரு வருடத்தைக் கழித்தவர்களே, மிச்சத்தை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நான்கு பெட்டிகள்

குணரத்தினம் ஒரு மழை நாளில் வந்தார். சுன்னாகத்துக்காரர், கராஜ் ஒன்றில் கார் திருத்துகிறார். நல்ல கைத்தொழில், ஆனால் அதற்குச் சான்றிதழ் இல்லை. ஆங்கிலமும் மட்டுமட்டு. நான் கேள்வியைத் தமிழில் கேட்பேன், அவர் சொல்வதை ஆங்கிலத்தில் அடிப்பேன். கல்யாணம் ஆகாதவர், ஆனவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர் என்று நான்கு பெட்டிகள் கொண்ட இடத்துக்கு வந்தோம்.

எதை அடிக்க என்று கேட்டேன். அவர் படிவத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"முதலாவதுதான். ஆனா கொஞ்சம் மெல்லமா அடியுங்கோ மிஸ், பிறகு அழிக்கவேண்டி வரும்."

புள்ளி கூடியவள்

அதற்குப் பிறகு அவர் தன் கோப்பு என்னாச்சு என்று விசாரிக்க வந்துகொண்டே இருந்தார். கோப்பில் புதுச் செய்தி, புதினம் ஒன்றும் இருக்காது. ஆனாலும் வருவார். எட்டு மாதத்தில் அவர் எனக்கு வெறும் குணம் ஆகி, இரண்டு வீட்டுக்கும் கடிதம் எழுதி, எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீடும் சம்மதித்தாயிற்று.

சந்தோசத்தோடு லோயரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், எழுந்து கைகொடுத்தார். பிறகு உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். கல்யாணமானால் இரண்டு கோப்பும் ஒன்றாகும் என்றார். குடும்பத் தலைவர் குணம். நான் அவரில் தங்கியிருப்பவள், அவரை நம்பி வாழ்கிறவள் என்று கணக்கு. அவருக்குப் புள்ளி போதாவிட்டால் அவரோடு சேர்த்து என்னையும் திருப்பி அனுப்புவார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. ஆங்கிலத்திலும் படிப்பிலும் எனக்கு முழுசாகப் புள்ளி வரும் என்று லோயரே கணக்குப் பார்த்துச் சொன்னவர். அவருடைய கடிதங்களில் இலக்கணம் திருத்துகிறவளும் நான்தான். என்னைத் தலைவராக்கி குணத்தை என் கோப்பில் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"புள்ளி கூடினவர் தலைவர் என்று சட்டத்தில் இல்லை, மிஸ். கணவர் தலைவர் என்றுதான் அவர்கள் நடத்துகிறார்கள்."

செல்லத்துரை அண்ணையின் மூன்று வருடம்

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வீட்டுக்குள்ளே தாலியைக் கட்டிவிட்டு, வதிவிடப் பேப்பர் வந்த பிறகு பதியலாம், அதுவரை வாய் திறக்காதே என்றார்கள். ஒரு இரவு முழுக்க நானும் அப்படித்தான் நினைத்தேன். கோபத்தில் பொய் சொல்வது சுலபமாகத் தெரிந்தது.

மறுநாள் செல்லத்துரை அண்ணை கந்தோருக்கு வந்தார். அவருக்கு நான் அடித்த கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. அவர் விண்ணப்பித்தது தனி ஆளாக. காத்திருந்த காலத்தில் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்து திரும்பினார். சொன்னால் தாமதமாகும் என்று யாரோ பயமுறுத்த, மூச்சுக் காட்டாமல் தனி ஆளாகவே பேப்பரையும் எடுத்துக்கொண்டார். இப்போது மனைவியைக் கூப்பிடக் கேட்டால், உனக்குத்தான் மனைவி இல்லையே, நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்கிறார்கள். அவர் முகம் காணாத மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது.

என் விசயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஒருக்காப் பொய் சொன்னன் பிள்ளை, உடன நம்பிச்சினம். மூண்டு வருசமா உண்மையைச் சொல்லுறன், ஒருத்தரும் நம்புகினமில்லை."

மதியச் சாப்பாட்டு நேரம்

ஒரு வெள்ளிக்கிழமை நகரசபையில் பதிந்தோம். அன்று விடியவே, வேலைக்குப் போகுமுன், சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாலாம் மாடியில், குணத்தின் கூட்டாளி வீட்டில் தாலி கட்டியாயிற்று. ஐயர் இல்லை. குத்துவிளக்கும் இல்லை, தட்டில் இரண்டு மெழுகுதிரி. எனக்கு அரைநாள் லீவுகூட இல்லை. வேலை குவிந்து கிடந்தது. சாட்சிக்கு வந்த மரியா எங்கள் கந்தோரில் தொலைபேசி எடுக்கிற போர்த்துக்கேயப் பெண். பதிவு முடிந்ததும் நான் சீலையும் சப்பாத்துமாக மரியாவோடு பனியில் ஓடி, தண்டவாளத்தில் போகும் ஸ்ரீற்காரைப் பிடித்தேன்.

இரண்டு மணிக்கு இயந்திரத்தில் தாளைச் செருகி, "எனக்குத் திருமணமாகிவிட்டது என்பதை இத்தால் அறியத்தருகிறேன்" என்று குடிவரவுக் கந்தோருக்கு நானே அடித்தேன். என்னைக் குடும்பத் தலைவராக வைத்து எடைபோடும்படி இரண்டாவது பந்தியில் கேட்டிருந்தேன். மூன்று முறை பிழைத்து, மூன்று முறை தாளை மாற்றினேன். மரியா பின்னால் நின்று வாசித்தாள்.

"முதற் பந்திக்கு வாழ்த்துச் சொல்லுவார்கள். இரண்டாவதைக் கிழிப்பார்கள்."

கணவரிடம்தான் கேட்கிறேன்

மரியா சொன்னதுதான் நடந்தது. ஐந்து மாதம் கழித்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது குணத்தின் பெயர் மேலே, என் பெயர் கீழே. அதிகாரி இளம் ஆள். எல்லாக் கேள்வியையும் குணத்திடமே கேட்டார். என் படிப்பைப் பற்றிய கேள்வியைக்கூட அவரிடம்தான் கேட்டார். நான் பதில் சொல்ல வாய் திறந்தால், "உங்கள் கணவரிடம்தான் கேட்கிறேன்" என்று கையை உயர்த்தினார். என் சொந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரை நான் சொல்லக்கூடாதாம். மடியில் இருந்த கைப்பையை நான் நசுக்கிய நசுக்கில் அதன் பூட்டு வளைந்துபோயிற்று.

குணத்துக்கு ஆங்கிலச் சொற்கள் தட்டுப்பாடாயின. அதிகாரி தாளில் கூட்டிப் பார்த்து, சில புள்ளி குறைகிறது என்றார். என்னுடையதைப் பார்க்கலாமே என்றேன். அவர் நிமிரவே இல்லை. அப்போது குணம் கதிரையை என் பக்கம் நகர்த்திப் போட்டார். என்னைப் பார்த்துத் தமிழில் நிதானமாகச் சொன்னார். அதை ஆங்கிலத்தில் நான் சொல்லவேண்டும் என்று கையால் காட்டினார்.

"இந்தக் குடும்பத்தில அவதான் தலைவர், நான் அவவை நம்பி இருக்கிறவன் எண்டு உந்தாளுக்குச் சொல்லும்."

நான் மொழிபெயர்த்தேன்.

பேப்பர் வந்த நாள்

லோயர் மேலதிகாரிக்கு எழுதினார். கராஜ்காரரும் குணத்தின் வேலையை மெச்சி ஒரு கடிதம் கொடுத்தார். மூன்று மாதம் எங்களுக்குள் சண்டை. நாட்டைவிட்டுப் போகவேண்டி வந்தால் ஆர் எங்கே போவது என்பதே பேச்சு. கடைசியில் பதில் வந்தது. புள்ளி குறைந்தாலும், மனைவிக்கு நிலையான வேலை இருப்பதைக் கருத்தில் எடுத்து இருவரையும் ஏற்கிறார்களாம். குணம் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்துவிட்டு, குசினிக் கதவில் சாய்ந்து நின்று அழுதார்.

பேப்பரை வாங்கப் போனேன். என் பெயருக்கு நேரே, தொழில் என்ற இடத்தில் "வீட்டு மனைவி" என்று அடித்திருந்தது. இதே கந்தோர்தான் என் வேலையைக் காட்டி எங்களை ஏற்றது என்று கடிதத்தை எடுத்து விரித்தேன். விரலில் அன்று காலை மாற்றிய தட்டச்சு ரிபனின் மை இருந்தது, அதையும் காட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாகவே பதில் சொன்னாள்.

"பிழை ஒன்றும் இல்லை, அம்மா. மனைவி என்று வந்தால் அந்த இடத்தில் எல்லாருக்கும் இதைத்தான் அடிக்கிறோம்."

கல்யாணம் செய்தால் பெண்ணுக்குப் பெயர் மாறும் என்று தெரிந்துதான் சம்மதித்தேன். பார்த்துக்கொண்டிருந்த வேலையும் இல்லாமற்போகும் என்பதை அரசாங்கம் முத்திரை குத்தித் தந்த பிறகுதான் அறிந்தேன்.